சிவப்பு குட்டை, பச்சை நெட்டை

1964 ஏப்ரல் 2, வியாழக்கிழமை. முற்பகல் பதினொன்று இருபது. மீன மாதத்து வெயில். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. திருவனந்தபுரத்தில் ரயில்வே டாக்டரின் இருட்டறையில், சுவரோரம் ஒரு முக்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்பது வயதும் ஏழு மாதமும். எனக்கு முன்னால் நாற்காலியில் மாமா. அவருக்கு இருபதடி தள்ளி ஒரு விளக்கு. மாமாவின் வேலை, கல்யாணம் இரண்டும் அந்த விளக்குக்குள் இருந்தன.

நேரமும் கிழமையும் எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். எண்ணுவது எனக்குப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்ட வியாதி. பஸ்ஸில் ஏறினால் சன்னல்களை எண்ணுவேன். சாப்பிட உட்கார்ந்தால் அப்பளத்தின் கொப்புளங்களை எண்ணுவேன். இந்த வயதில் மாத்திரைகளை எண்ணுகிறேன். எப்போதும் ஒன்று குறைகிறது.

போன மாதம் பாறசாலையில் எங்கள் வீட்டுக்கு இணையக் கம்பி இழுக்க ஓர் ஆள் வந்தார். சுவரில் ஒரு துளை போதும் என்று சொல்லிவிட்டு மூன்று போட்டார். நான் கத்தினேன். என்னைச் சமாதானப்படுத்தக் கையிலிருந்த தலைமுடி கனத்துக் கண்ணாடி இழையைத் தூக்கிக் காட்டினார். "அப்பூப்பா, இதுக்குள்ள போற வெளிச்சம் ஒரு நெறம், வாற வெளிச்சம் வேற நெறம், டிவிக்கு இன்னொண்ணு. எல்லாம் ஒரே நூலிலயாக்கும் ஓடுகது. முனையில ஒரு குட்டி சாதனம் உண்டு. அது ஒவ்வொண்ணையும் பிரிச்சு அதுக்க வழியில திருப்பி விடும். நம்ம கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாது."

நிறத்தை வைத்து வெளிச்சத்தை வழி பிரிக்கும் வேலையை நானும் மாமாவும் அறுபது வருடம் முன்பே நெல்லறைக்குள் செய்திருக்கிறோம். அவரிடம் அதைச் சொல்லவில்லை. மற்ற இரண்டு துளைகளுக்கும் சிமென்ட் பூசச் சொன்னேன். பூசாமல் போய்விட்டார்.

அப்போது நாங்கள் கொல்லயிலில் இருந்தோம். அப்பா நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ரயில்வேயில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு எழுதிய பரீட்சையில் தேறியிருந்தார். டாக்டர் பரிசோதனை மட்டும் பாக்கி. இன்னொரு விஷயமும் பாக்கி இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை மாமா பெருங்கடவிளைச் சந்தைக்குச் சைக்கிளில் போய்ச் சேனை வாங்கி வருவதாகச் சொல்லுவார். பெரும்பாலும் சேனை இல்லாமல்தான் திரும்புவார். சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் தூரத்து உறவில் ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு பெண். அப்பாவே போய்ப் பேசிவிட்டு வந்து திண்டில் சாய்ந்தபடி அம்மாவிடம் சொன்னார்: "பொண்ணுக்க அப்பனுக்கு ஒரே வாக்காக்கும். ரயில்வே உத்தியோகம் உண்டுன்னா கல்யாணம் உண்டு. ஒனக்க தம்பிக்கு சைக்கிள் மட்டும் போராதாம்."

அந்த வருடம் மகர மாதத்தில் மிளகு பறித்தோம். எங்கள் வளவில் பலா மரங்களில் கொடி ஏறியிருந்தது. மிளகு பறிப்பதில் ஒரு கணக்கு உண்டு. மணிகள் கோத்துத் தொங்கும் ஒரு திரியில் ஒன்றிரண்டு மணி சிவந்திருந்தால் அந்தத் திரியைக் கிள்ளலாம். ஒன்றும் சிவக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். மாமா ஏணியில் நின்று கிள்ளிப் போட்ட கூடையை அம்மா முற்றத்தில் கவிழ்த்தாள்.

"எலே, ஒனக்க கண்ணு மொகத்தில இருக்கா, முதுகில இருக்கா? அம்புட்டும் பச்சப் பிஞ்சு!"

"காய வச்சா எல்லாம் கறுப்புதானே அக்கா."

"ஆமா, ஒன்னக் காய வச்சாலும் கறுப்புதான்."

அம்மா திட்டிவிட்டு உள்ளே போனாள். நான் திரிகளை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு, அவற்றில் சிவந்த மணி இருந்தவை ஒன்பது. சோம்பேறித்தனத்தால் இப்படி ஆகாது. சோம்பேறியாக இருந்தால் எல்லாம் கலந்துதான் வந்திருக்க வேண்டும். மாமா ஒவ்வொரு திரியையும் நகத்தால் அமுக்கிப் பார்த்துப் பறித்ததை நான் கீழே நின்று கவனித்திருந்தேன். இரண்டு மணிகளை எடுத்து நீட்டினேன். "மாமா, இதில செவப்பு எது?"

மாமா இரண்டையும் விரலால் தடவினார். முகர்ந்தார். பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்துத் தென்னைக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எலே மக்கா, இத நீ ஆரிட்டயும் மிண்டப்பிடாது, கேட்டியா?"

சிவப்பும் பச்சையும் மாமாவுக்கு ஒன்றாகத்தான் தெரியும். மாம்பழத்தை மணத்தால் கண்டுகொள்வார்; மிளகில் நகம் உதவவில்லை. பள்ளிக்கூடத்தில் தேசப்படத்துக்கு வண்ணம் தீட்டி அடி வாங்கிய அன்றுதான், மற்றவர்களுக்கு அப்படி இல்லை என்றே அவருக்குத் தெரிந்ததாம். இப்போது ரயில்வே டாக்டர் விளக்கு காட்டி நிறம் கேட்பார் என்று, ஏற்கெனவே போய்வந்த ஒருவன் சொல்லியிருந்தான்.

மாமாவை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கியே தீருவது என்று அந்தத் தென்னை மூட்டிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். நான் அதுவரை ரயிலைப் பார்த்ததே இல்லை என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

எங்கள் கூடத்தில் அப்பா ஏதோ ஏலத்தில் எடுத்த தொங்குவிளக்கு ஒன்று இருந்தது. யாரும் அதை ஏற்றியதில்லை. அதைச் சுற்றி இருபத்துநான்கு கண்ணாடித் தொங்கல்கள். ஒவ்வொன்றும் விரல் நீளம், மூன்று பட்டை. காலை வெயில் சன்னல் வழியாக அதில் பட்டால் எதிர்ச்சுவரில் இருபது முப்பது வண்ணக் கீற்றுகள் விழும். கீற்றுகளை எண்ணி எண்ணி எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. எந்தக் கீற்றை எடுத்தாலும் நிறங்கள் வரிசை மாறாது. சிவப்பு எப்போதும் ஒரு கோடியில்தான். ஊதா எப்போதும் மறு கோடியில்தான்.

மாமாவும் பள்ளியில் பிரிசம் படித்தவர். படம் வரைந்து ஏழு நிறத்துக்கும் பெயர் எழுதி மதிப்பெண் வாங்கியவர். பெயரை எழுதியதோடு சரி. நான் அவரைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன்.

"மாமா, செவப்பு இந்தக் கோடி. பச்ச நடுவில. இது மாறவே மாறாது. ஒங்களுக்கு நெறம் தெரியாண்டாம், எடம் தெரிஞ்சா போரும்."

மாமா சுவருக்கு அருகில் போய்ப் பார்த்தார். அவருக்கு அங்கே ஒரு முனையில் அழுக்கு மஞ்சளும் மறுமுனையில் நீலமும்தான் தெரிந்தன. ஆனால் இடம் தெரிந்தது. கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அளவுக்கு வளைக்கிறது. சிவப்பு கொஞ்சமாக வளைகிறது, பச்சை அதைவிடக் கூடுதல். படித்த இந்த வாக்கியம் அன்றுதான் அவருக்கு உபயோகப்பட்டது. "எலே," என்று மெதுவாகச் சொன்னார், "நீ மண்டையன் தான்லே. நல்ல மூள ஒனக்கு."

அன்று சாயங்காலமே ஒரு தொங்கலைக் கழற்றினோம். நெல் போட்டு வைக்கும் உள்ளறைக்குச் சன்னல் கிடையாது. பழைய பிஸ்கட் டின்னில் ஆணியால் ஒரு துளை போட்டு, உள்ளே சிம்னி விளக்கை வைத்து, துளையின்மேல் மிட்டாய் சுற்றிய கண்ணாடித் தாளை மாற்றி மாற்றிப் பிடித்தேன். மாமா எட்டடி தள்ளி உட்கார்ந்து தொங்கலைக் கண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்தார். வெறும் சுடர் நீண்ட கீற்றாகத் தெரிந்தது. சிவப்புத் தாளை வைத்தால் அந்தக் கீற்றில் ஒரு முனை மட்டும் மிஞ்சும், கட்டையாக, முடிச்சுபோல். பச்சைத் தாளை வைத்தால் கீற்று நகர்ந்து நீளும். மஞ்சள் இரண்டின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். "செவப்பு குட்டை, பச்ச நெட்டை" என்று மாமாவை நூறு தடவை சொல்லவைத்தேன்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. கண்ணாடி வெளிச்சத்தை வளைத்துவிடுவதால், விளக்கு இருக்கும் திசையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கு இடது பக்கம் இருந்தால் நெல் பத்தாயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு வாரத்தில் மாமாவின் கழுத்து நிஜமாகவே பிடித்துக்கொண்டது. அம்மா தைலம் சூடாக்கித் தேய்த்தாள்.

"நெல்லறையில என்னலே உனக்கு இத்தர சோலி?"

"படிக்கேன் அக்கா."

"என்னத்த? நெல்லயா?"

நான் விடவில்லை. மாமா ஓய்வு கேட்டால் கொடுக்கமாட்டேன். அவர் சரியாகச் சொன்னால் பேசாமல் இருப்பேன்; தப்பாகச் சொன்னால் ஒருமுறை இருமுவேன். உடனே திருத்திக்கொள்வார். முதல் நாள் ஐம்பதுக்கு இருபத்தெட்டுதான் சரி. பதினோராம் நாள் நான் ஒருமுறைகூட இருமவில்லை. அன்று மாமா என்னைத் தூக்கி நெல்லுக்குள் போட்டார்.

பரிசோதனைக்கு நானும் வருவேன் என்றேன். அப்பா மறுத்தார். விடிவதற்குள் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். மாமாதான் அப்பாவிடம் சொன்னார்: "வரட்டும் அத்தான். ரயிலு பாக்கட்டும்."

அங்கே ஏழு பேர் வரிசையில் இருந்தார்கள். மாமா ஐந்தாவது. தங்க விளிம்புக் கண்ணாடி போட்ட டாக்டர் மலையாளி, தமிழும் பேசினார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே நுழைந்ததைப் பார்த்து, "இருட்டில குட்டி கரையுமோ?" என்று கேட்டார்.

"அழமாட்டான் சார். எண்ணிட்டு இருப்பான்."

விளக்கில் ஒரு மிளகு பருமனில் துளை. டாக்டர் பக்கத்தில் நின்று ஒரு சக்கரத்தைத் திருகினார். துளை நிறம் மாறியது.

"எந்து நெறம்?"

வேர்வை துடைப்பதுபோல் கைக்குட்டையை மாமா கண்ணுக்குக் கொண்டுபோனார். தொங்கல் அதற்குள் இருந்தது. "செவப்பு."

"இது?"

"பச்ச."

சரி, சரி, சரி. நான் எண்ணினேன். ஏழாவதில் டாக்டர் நிறுத்தினார். "நிங்ஙள் எங்கோட்டு நோக்குந்து? விளக்கு இவிடயல்லே?"

"கழுத்து பிடிச்சிருக்கு சார்."

அது பொய்யில்லை. தைல மணம் அறை முழுவதும் அடித்தது. டாக்டர் மேலே போனார். பதிமூன்றும் சரி. நான் மனசுக்குள் மாமாவுக்குத் தொப்பி போட்டுவிட்டேன். கையில் கொடி கொடுத்துவிட்டேன்.

"கொள்ளாம், நல்லது," என்றார் டாக்டர். "இனி மழை."

எனக்குப் புரியவில்லை. சன்னல் பக்கம் திரும்பினேன். கறுப்புத் திரைதான் இருந்தது. டாக்டர் விளக்கின் முன்னால் எதையோ தள்ளினார். வரிவரியாகக் கோடு போட்ட ஒரு கண்ணாடி. மழைநாளில் பஸ் சன்னல் வழியாகப் பார்ப்பதுபோல விளக்கு கிழிந்து பல விளக்காகச் சிதறியது. இருந்தாலும் சிவப்பு சிவப்புதான். எனக்குச் சந்தேகமே இல்லை.

மாமா கைக்குட்டையை ஒருமுறை சரி செய்தார். இன்னொரு முறை சரி செய்தார். அத்தனை விளக்கும் அத்தனை கீற்றாக நீண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் குட்டையாவது நெட்டையாவது.

"பச்ச," என்றார்.

நான் இருமினேன்.

மாமா திருத்தவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நெல்லறையில் எத்தனை முறை சொன்ன வார்த்தை! காதில் விழவில்லையோ என்று இன்னும் பலமாக இருமினேன்.

"குட்டிக்கு வெள்ளம் வேணோ?" என்றார் டாக்டர்.

"வேண்டாம் சார். அவனுக்கு ஒண்ணுமில்ல." மாமாவின் குரல் அமைதியாக இருந்தது. "சார், மழ பெஞ்சா எனக்குத் தெரியாது. லைட்டப் போடுங்க."

விளக்குப் போட்டதும் எல்லோருக்கும் கண் கூசியது. மாமா கைக்குட்டையை விரித்துத் தொங்கலை மேசையில் வைத்தார். எப்படிப் பார்த்தார், எதை வைத்துச் சொன்னார் என்று ஒன்று விடாமல் சொன்னார். டாக்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரோ மறுபடி அறை விளக்கை அணைக்கச் சொல்லி, தொங்கலைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற பியூனைச் சக்கரம் திருகச் சொன்னார். "ஓ! ஓ!" என்று இருட்டில் அவர் சத்தம் கேட்டது. வெளியே மீதி இரண்டு பேர் காத்துக்கிடந்தார்கள்.

"இது ஆரு கண்டுபிடிச்சது?"

"எனக்க மருமகன் சார்."

டாக்டர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு மாமாவிடம் திரும்பினார். "ஒரு தெற்று எல்லாருக்கும் வரும். பதிமூணு சரியாச் சொன்ன ஆளை, ஒரு தப்புக்கு நான் தள்ளமாட்டேன். நீங்க மிண்டாம இருந்திருந்தா இப்ப ஒப்பு வச்சிருப்பேன், தெரியுமா?"

"அதாக்கும் சார் எனக்குப் பயம்," என்றார் மாமா.

டாக்டர் காகிதத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் எழுந்து நின்று மாமாவுக்குக் கை கொடுத்தார். கை கொடுத்ததால் வேலை கிடைத்துவிட்டது என்று வாசல்படியில் மாமா தலையை ஆட்டி இல்லை என்று சொல்லும்வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தெருவில் வைத்து மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நான் இருமினேனே! கேக்கல்லியா?"

"கேட்டுது மக்கா. ரெண்டு மட்டம் கேட்டுது."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

மாமா குனிந்து என் மூக்கைத் துடைத்துவிட்டார். "நீ தெனமும் ஸ்டேஷனுக்கு வந்து இருமுவியாலே?"

"வருவேன்," என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தை எப்படிச் சமாளிப்பது என்றுகூட அந்த நொடியில் யோசித்துவிட்டேன்.

மாமா சிரித்தார். என்னை ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாக்குக் கொடுத்திருந்தாரே. பிளாட்பாரத்தில் நாங்கள் நுழைந்தபோது ஒரு வண்டி புறப்படத் தயாராக நின்றது. பதினோரு பெட்டி. சன்னல்களை எண்ணினேன். உள்ளே தலைகளை எண்ண ஆரம்பித்தேன். சில பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்திருந்தார்கள். சிலர் கதவில் தொங்கினார்கள். ஒரு பையன் சன்னல் கம்பியில் நாக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் பெட்டிக்குள்ளேயே எண்ணிக்கை தவறிவிட்டது. வண்டி நகர்ந்து போய்விட்டது.

"எத்தன பேருலே?"

"எண்ண முடியல்ல மாமா. நெறைய பேரு."

"ஆமா. நெறைய பேரு," என்றார் மாமா. வண்டி போன பிறகும் அந்தத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிங்க மாதத்தில் பெருங்கடவிளைப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கர். உறவு என்பதால் நாங்கள் எல்லோரும் போனோம். மாமா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மூன்று பந்திக்கும் பாயசம் விளம்பினார். யாருக்கும் குறை வைக்கவில்லை. அதற்குப் பிறகு பாறசாலையில் ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வை வேலைக்குப் போனார். கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் ஆலையில் வேலை கிடப்பதாகச் சொல்லி எழுந்துவிடுவார். சேனை வாங்கவும் பெருங்கடவிளைப் பக்கம் போகவில்லை.

பரிசோதனை முடிந்து அன்று திரும்பும்போது பஸ்ஸில் இருந்த எனக்கு இவை எதுவும் தெரியாது. மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் கோபத்தில் அவரோடு பேசவில்லை; பாலராமபுரம் தாண்டியதும் பேசாமல் இருப்பது அலுத்துவிட்டது. வழக்கம்போல விரல் மடக்கி அன்றைய செலவைக் கூட்டினேன். போகவர பஸ்ஸுக்கு இரண்டு எழுபது. இரண்டு பேருக்கும் சோறு ஒன்று இருபது. சர்பத்து முப்பது. பிளாட்பாரச் சீட்டு இருபது.

"மாமா, இன்னைக்கு எவ்வளவு ஆச்சுன்னு சொல்லட்டா?"

மாமா திரும்பினார். "எல்லாம் சேத்தாச்சா மக்கா?"

இன்னொரு முறை முதலிலிருந்து கூட்டிப் பார்த்தேன்.

"ஒண்ணும் விடல்ல மாமா. ஆக மொத்தம் நாலு ரூபா நாப்பது பைசா."